கேட்டுப் பாடுங்க

வாங்க தம்பி, செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்க. தூத்துக்குடியில இருந்தா வாரீய? சரி, உக்காருங்க. அந்தா மேசை மேல இருக்கு பாருங்க, அதுதான் பாட்டு ரெக்கார்டு பண்ணுத பொட்டி. இப்பம் தொடாதீங்க, மொதல்ல நான் சொல்லுததக் கேளுங்க. விலைய நீங்களே பாத்துச் சொல்லுங்க, அதுக்கு நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். எனக்கு இந்தச் சவம் சாயங்காலத்துக்குள்ள இந்த வீட்ட விட்டுப் போவணும், அவ்வளவுதான்.

ரிப்பேரான்னு கேக்கீயளா? ரிப்பேர்லாம் இல்ல. ஒரு கீறல் கிடையாது, வாங்கி அஞ்சாறு மாசம் கூட ஆகல. பொய் சொல்லும். அது ஒண்ணுதான் கோளாறு.

சிரிக்காதீங்க. நான் ஒண்ணும் தெரியாமப் பேசல. தனசிங் டிரில் மாஸ்டர்னு இங்க பாளையங்கோட்டையில யார்ட்ட வேணும்னாலும் விசாரிங்க. ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு நான் விசில் ஊதினா, மைதானத்துல நிக்க அத்தன பயலுவளும் இடது கால ஒண்ணாத் தூக்குவான், ஒண்ணா வைப்பான். ஒருத்தன் பிந்தினா அவன் முதுகு தாங்காது. அப்படி ஒரு ஊரையே தாளத்துல நடக்க வச்சவனுக்கு, தாளம்னா என்னன்னு ஒரு பொட்டி வந்து சொல்லித் தரணுமா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாண்டாம், நான் முடிச்சிருதேன்.

இத ஆரம்பிக்கது எப்படின்னு இப்பமே சொல்லிருதேன். பொறவு வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு போன் பண்ணி என் உயிர எடுக்கக் கூடாது பாருங்க. இந்த வயர இங்க சொருவணும். சைடுல சுவிட்ச். போட்ட உடனே வராது, கொஞ்ச நேரம் திருதிருன்னு முழிக்கும். இந்தா எட்டு குச்சி நிக்கு பாத்தியளா, மேல கீழ தள்ளலாம். எட்டு குச்சி, எட்டு ட்ராக். ஒரு ட்ராக்குல ஒருத்தர் பாடலாம், அத அப்படியே வச்சுக்கிட்டு அடுத்த ட்ராக்குல இன்னொருத்தர் பாடலாம். ஒருத்தரே எட்டுப் பேராவும் பாடலாம்னு கடைக்காரன் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தம்பி நான் வாங்கினேன். ஒருத்தரே எட்டுப் பேரு. அப்படின்னா நமக்கு எவன் தயவு வேணும்?

ஏன் அப்படி நினைச்சேன்னு கேளுங்க. எங்க கோயில் பாடகர் குழுவுல நான் கல்யாணத்துக்கு முந்தியே இருந்து டெனர் பாடுதேன். எங்க வீட்ல, வயலட்டு, அவளும் அதே குழுதான், ஆல்ட்டோ. அங்க பாத்துத்தான் எங்களுக்குப் பேசி முடிச்சாவ. நாலு குரல்ல பாடுதது உங்களுக்குத் தெரியும்லா. மேல சோப்ரானோ, அதுக்குக் கீழ ஆல்ட்டோ, ரெண்டும் பொம்பளைங்க. பொறவு ஆம்பளைங்க டெனர், பாஸ். டெனர்ல நாலு பேரு நிக்கோம், கேக்கது என் சத்தம் ஒண்ணுதான். முக்கு டீக்கடை வரைக்கும் கேக்கும்பாவ. முந்தி குழு நடத்துன பெரிய மாஸ்டர் என்ன ஒரு சொல் சொன்னது கிடையாது. கடைசிக் காலத்துல அவருக்குக் காது ரொம்ப மந்தம், ஆனா என்ன ஒரு ஞானம்.

அவரு காலமானதுக்கு அப்புறம் வந்தான் இந்த கிஃப்ட்சன். மெட்ராஸ்ல ஏதோ ஸ்டூடியோவுல இருந்தானாம். சட்டைய இன் பண்ணத் தெரியல, குழு நடத்த வந்துட்டான். கோயில்ல எல்லாருக்கும் சாப்பாடு போடுத அசனப் பண்டிகை முடிஞ்ச கையோட கிறிஸ்மஸ் பாட்டு பழகத் தொடங்குனோம். ரெண்டு அடி போயிருக்கும். கீபோர்ட நிப்பாட்டுதான். என்னப் பாத்துச் சொல்லுதான், "அண்ணாச்சி, கொஞ்சம் கேட்டுப் பாடுங்க."

கேட்டுப் பாடுங்க. கவனிச்சியளா? நான் கேட்டுப் பாடணுமாம். யாரக் கேக்கணும்? அவனக் கேக்கணும். அவன் பொறக்கதுக்கு முந்தியே அந்தக் கோயில்ல பாடுதவன், இப்பம் வாயத் தொறக்க அவன்ட்ட உத்தரவு கேக்கணும். "ஏல, யாரலே நான் கேக்கணும்"னேன். அதுக்கு அந்தப் பய, ஒரு கூச்சம் இல்லாம, "எல்லாரையும் கேளுங்க அண்ணாச்சி, பக்கத்துல நிக்கவங்களக் கேளுங்க, ஆல்ட்டோவக் கேளுங்க, பாஸக் கேளுங்க"ங்கான். எல்லாரையுமாம். பாஸ்ல நிக்க ஒருத்தன் ஸ்கூல்ல என் முன்னால முட்டி போட்டவன். அவன்ட்டப் போயி, "தம்பி, நான் ஒரு அடி பாடிக்கிடட்டுமா"ன்னு கைகட்டி நிக்கணும் நான்.

புஸ்தகத்த மூடி பெஞ்சுல வச்சேன். வயலட்டப் பாத்து, வான்னு கண்ணக் காட்டினேன். அவ என்னப் பாக்காம புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு நின்னா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா வெளிய வந்திருந்தா அதுல ஒரு மரியாத இருந்திருக்கும்லா? தனியா வந்தேன். பின்னாலயே பாட்டு ஆரம்பிச்சுட்டான், நான் படியெறங்கக் கூட இல்ல.

ராத்திரி சோறு போடும்போது அவ எனக்கு அர்த்தம் சொல்லுதா. "அவன் உங்கள யார்ட்டயும் உத்தரவு கேக்கச் சொல்லலங்க. காதக் குடுத்துக் கேட்டு, மத்தவங்களோட சேந்து பாடுங்கன்னு சொல்லுதான்." சரி, அப்படித்தான் வச்சுக்கோ. அப்ப எனக்குக் காது கேக்கலன்னுலா சொல்லுதான்? அது இதவிட மோசம்லா? அப்படி நான் கேட்டதும் அவ ரசத்த ஊத்திட்டு உள்ள போயிட்டா.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். அதே பாட்ட நாலு குரலயும் நானே பாடி, இந்தப் பொட்டியில பிடிச்சு, ஐயர் கையில குடுக்கணும். எங்க பாஸ்டர் ஐயாவத்தான் ஐயர்னு சொல்லுதேன், இங்க அப்படித்தான் சொல்லுவோம். கிறிஸ்மஸ் ஆராதனையில ஸ்பீக்கர்ல அது ஓடணும், கிஃப்ட்சன் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும், "மாஸ்டர், நீங்க திரும்பக் குழுவுக்கு வாங்க"ன்னு ஐயர் வீடு தேடி வரணும். என் இடத்த நான் கெஞ்சாம வாங்கணும். அதுதான் திட்டம்.

மொத நாளு, குளிச்சு, வேட்டி கட்டி, மைக்க முன்னால வச்சு முழுப் பாட்டும் பாடினேன். அப்படி ஒரு நாளும் பாடினதில்ல தம்பி, எனக்கே கண்ணு கலங்குச்சு. போட்டுப் பாத்தா உள்ள ஒண்ணும் இல்ல. சுத்தமா வெறுமை. கடைக்காரனுக்கு போன் போட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். வயலட்டு அடுக்களையில இருந்து எட்டிப் பாத்துட்டு, "குச்சிக்குக் கீழ சிவப்பு லைட்டு எரியணும்லா, எரியலயே"ங்கா. எந்த ட்ராக்குல பாடுதோமோ அந்தப் பட்டன மொதல்ல அமுக்கணுமாம், லைட்டு கண்ணடிக்குமாம், அதுக்குப் பொறவுதான் ரெக்கார்டாம். பாடுதவன் மைக்குக்கு முன்னால நிக்கது தெரியுதுலா? பின்ன எதுக்கு இந்தப் பொட்டிட்ட வேற சொல்லணும்? சரி, நீங்க மறக்காண்டாம். மொதல்ல சிவப்பு லைட்டு.

ரெண்டாம் நாளு டெனர் ஒழுங்கா விழுந்துட்டு. அடுத்து ரெண்டாவது ட்ராக்குல பாஸ் பாடினேன். ரெண்டையும் சேத்துப் போட்டா, டெனர் பாதிப் பாட்டுல இருக்கு, பாஸ் முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். நானும் நானும் சண்ட போட்ட மாதிரி இருக்கு. எப்படி இருக்கும் எனக்கு? வயலட்டு பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுச் சொன்னா, "நீங்க பட்டன அமுக்கிட்டு ஜெபம் பண்ணுதீங்க. மொத தடவ நீளமாப் பண்ணியிருக்கீங்க, ரெண்டாவது தடவ சுருக்கமாப் பண்ணியிருக்கீங்க." ஆமா, ஜெபம் பண்ணாம ஆண்டவர் பாட்டப் பாடுவாங்களா? ஜெபத்த முடிச்சுட்டு பட்டன அமுக்கலாம்லாங்கா. அமுக்கித்தான் பாத்தேன். அப்பமும் சேரல.

கடைக்காரன் என்ன சொல்லுதான் தெரியுமா? ஹெட்போன் மாட்டிக்கிட்டு, மொத ட்ராக்கக் கேட்டுக்கிட்டே ரெண்டாவதப் பாடணுமாம். மாட்டிப் பாத்தேன். நான் பாடும்போது காதுக்குள்ள ஒருத்தன் பாடிக்கிட்டு இருக்கான். எப்படிப் பாடுவீய? என்ன இழுத்துக்கிட்டே போறான். "அதுவும் நீங்கதாங்க"ங்கா வயலட்டு. நானா இருந்தா எனக்குல்லா ஒத்து வரணும்? கழட்டி எறிஞ்சேன். அப்புறம் ஒரு டிக் டிக் சத்தம் இருக்கு, தாளத்துக்கு. அது இன்னும் மோசம். மைதானத்துல நான் விசில் ஊதிக்கிட்டு இருக்கும்போது எவனோ காம்பவுண்டுக்கு வெளிய நின்னு கை தட்டுத மாதிரி. அதையும் அணைச்சேன். அணைக்கது இந்தப் பட்டன், பாத்துக்கோங்க.

இப்படியே டெனர், பாஸ், திரும்ப டெனர், திரும்ப பாஸ்னு ஏழு ட்ராக்கையும் நானே நிரப்பிட்டேன். எதுவும் எதோடயும் சேரல. ஒண்ணொண்ணும் தனியாக் கேட்டா தங்கம். சேத்தா மாட்டுச் சந்த. அப்ப கோளாறு எங்க? பாடினவன்ட்டயா, சேத்த பொட்டியிலயா? பொய் சொல்லும்னு நான் சும்மாவா சொன்னேன்?

கடைசியில எட்டாவது ட்ராக்குக்கு வயலட்டக் கூப்புட்டேன். எனக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். அந்தக் குழுவ விட்டு வராதவள்ட்ட நான் போயி நிக்கணுமான்னு இருந்துச்சு. ஆனா நாலு குரலயும் நானேன்னு நினைச்சது நடக்கல, சோப்ரானோவ விட்டாலும் ஆல்ட்டோவாவது வேணும், அது நம்மளால முடியாதுலா. அவ கையத் தொடச்சுட்டு வந்தா. ஹெட்போன அவளே எடுத்து மாட்டிக்கிட்டா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ, காலமெல்லாம் காதுல மாட்டி அடுத்தவன் சொல்லுததக் கேட்டுக் கேட்டு வயர மாத்திச் சொருவுனவ. ஓடுததும் குதிக்கதும் இல்லாத வேலை, உக்காந்த எடத்துல. என் டெனர்ல ஒண்ண மட்டும் மேல ஏத்தி, மத்த ஆறையும் கீழ எறக்கி, ஒரு தடவ கேட்டா. ரெண்டாந் தடவ கேட்டா. மூணாந் தடவ பாடினா.

தம்பி, பூட்டும் சாவியும் மாதிரி இருந்துச்சு. பொட்டி வயர டேப் செட்டுல சொருவிக் கேக்கேன், ஒரு எடத்துல பிசகு கிடையாது. நான் எங்க நிக்கேனோ அங்க நிக்கா, நான் எங்க எடுக்கேனோ அங்க எடுக்கா. எங்க ரெண்டு பேரு குரலும் அப்படிக் கேட்டு எத்தன வருசமாச்சு. பாத்தியா, இத்தன நாளும் எவன் தப்புன்னு இப்பம் தெரியுதான்னேன். அவ அடுப்புல ஏதோ கெடக்குன்னு போயிட்டா.

பொட்டிய அப்படியே பையில போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனேன். கிஃப்ட்சன் தனியா இருந்தான். "கேளுல, நல்லாக் கேளு"ன்னு காதுல மாட்டி விட்டேன். முழுசாக் கேட்டான். கழட்டி மடியில வச்சுக்கிட்டு அந்த எட்டு குச்சியையே பாத்துக்கிட்டு இருந்தான். பய வாயடைச்சுப் போயிட்டான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி. அதுக்குப் பொறவு சொல்லுதான், "அக்கா எவ்வளவு நல்லாக் கேட்டுப் பாடியிருக்காங்க அண்ணாச்சி."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வீட்டு மேசையில, என் பொட்டியில, என் பொண்டாட்டி இவன்ட்டக் கேட்டுட்டுப் பாடினாளா? "யாரலே கேட்டா?"ன்னு சட்டையப் பிடிக்கப் போனேன். அவன் எந்திரிச்சு நின்னுக்கிட்டு, "உங்களத்தான் அண்ணாச்சி. நீங்க சுதி எறங்கின எடத்துலயெல்லாம் அவங்களும் எறங்கியிருக்காங்க. நீங்க ஓடின எடத்துல ஓடி, நின்ன எடத்துல நின்னு, எங்கயும் உங்கள விடல. இப்படிப் பாடுதது ரொம்பக் கஷ்டம்"னான். பாருங்க, அவன் வாயாலயே வந்துட்டு. ரெண்டு பேரு ஒண்ணாப் போனா, போற வழி சரின்னுதான அர்த்தம்? அதக் கேட்டேன். அவன் ஹெட்போன் வயரச் சுத்தி என் பையில வச்சான்.

வீட்டுக்கு வந்தா அவ மீன் கழுவிக்கிட்டு இருக்கா. "ஏட்டி, யாரக் கேட்டுப் பாடுன நீ"ன்னேன். தலைய நிமித்தாமச் சொன்னா, "உங்களத்தான் கேட்டேன். கழுத்துல தாலி ஏறுன நாள்ல இருந்து உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன்." அதுல எனக்கு ஒரு நிம்மதி. அதச் சொல்லணும்லா, உண்மையில என்னக் கேக்காம அவ ஒண்ணும் செஞ்சது கிடையாது.

அவன் என்ன சொன்னான்னு கேட்டா. சொன்னேன், எறங்குனது ஓடுனது எல்லாம், அவன் எவ்வளவு திமிரு பிடிச்சவன்னு அவளுக்கும் தெரியட்டும்னு. அவ கையக் கழுவிட்டு வந்து பொட்டி முன்னால உக்காந்தா. என் குச்சிய அடியோட எறக்குனா. எறக்கிட்டு, அவ பாடினத அவ மட்டும் தனியாக் கேட்டா. முகம் ஒரு மாதிரி போயிட்டு. "இது நானாங்க?"ன்னு கேட்டா. பின்ன யாருன்னேன். "நீங்க இல்லாமக் கேட்டா, நல்ல ரோட்டுல ஒருத்தி தள்ளாடித் தள்ளாடிப் போற மாதிரி இருக்குங்க"ன்னா. அதத்தான நானும் இத்தன வருசமாச் சொல்லுதேன், நான் இல்லன்னா நீ இல்லன்னு. சொல்லிட்டு நான் சாப்புட உக்காந்துட்டேன். அவ சாப்புடல.

அதுக்கு அடுத்த வாரம்னு நினைக்கேன். அவ பிராக்டிசுக்குப் போயிருந்தா, நான் எங்க ரெண்டு பேரு பாட்டையும் கேப்பம்னு டேப் செட்டுல போடுதேன். என் சத்தத்தக் காணோம். குச்சி கீழ கெடக்கு. அவ மட்டும் பாடுதா. பழைய எட்டாவத அழிச்சுட்டுப் புதுசாப் பாடியிருக்கா, நான் காலம்பர நடக்கப் போற நேரம் பாத்து, அந்த டிக் டிக்க வச்சுக்கிட்டு. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே நேரா. என் குச்சிய மேல தள்ளிப் பாக்கேன், எங்கயும் சேர மாட்டேங்கு. நான் இழுத்துப் பிடிக்க எடத்துல அவ எனக்காவ நிக்கணும்லா, நிக்கல. எனக்குன்னு ஒரு எடம் வைக்கல தம்பி.

வந்ததும் வாசல்லயே பிடிச்சேன். "என்னக் கேக்காமப் பாடியிருக்க"ன்னேன். "ஆமா"ன்னா. ஆமா, அவ்வளவுதான். செருப்பக் கழட்டி வச்சுட்டு உள்ள போயி காப்பி போட்டுக் கொண்டாந்து குடுத்தா. நான் குடிக்கல. அவ எடுத்துட்டுப் போயி அவளே குடிச்சா.

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நான் போயி பெஞ்சுல உக்காந்தேன். ஐயருட்ட ஒண்ணும் குடுக்கல, குடுக்க என்ன இருக்கு. குழு எந்திரிச்சு அந்தப் பாட்டப் பாடுது. நான் பொறுத்துப் பாத்தேன். பொறுக்க முடியல. எந்திரிச்சு, நின்ன எடத்துல இருந்தே டெனர எடுத்தேன், நல்லாத் தொறந்து. கோயில் பூரா என்னப் பாக்கு. குழுவுல ரெண்டு மூணு பேரு தடுமாறுனான். எனக்குத் தெரியும், வயலட்டு நிப்பா. முப்பது வருசமா எந்தப் பாட்டா இருந்தாலும் அடி முடியுத எடத்துல நான் நீட்டுவேன், அவ எனக்காவ அவ சத்தத்தப் பிடிச்சு வச்சிருப்பா, நான் எறங்கினதும் சேந்து எறங்குவோம். எவனுக்கும் தெரியாது, எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவ நிக்கல. நான் நீட்டிக்கிட்டு இருக்கேன், அவ அடுத்த அடிக்குப் போயிட்டா. அவளப் பிடிச்சுக்கிட்டு மத்தவனும் எல்லாம் அவ பின்னால போயிட்டான். நடுவுல நான் ஒருத்தன், அந்தச் சத்தத்த வாயில வச்சுக்கிட்டு. எங்க விடுததுன்னு தெரியல. விட்டுட்டேன். பாதியில விட்டுட்டு உக்காந்துட்டேன். பக்கத்துல இருந்தவன் திரும்பிப் பாத்தான், அவ பாக்கல. அழுக வந்துச்சு. கோவத்துல வந்த அழுக, வேற ஒண்ணும் இல்ல.

எல்லாம் இதால வந்தது. இது வாரதுக்கு முந்தி எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம் உண்டா, கேட்டுப் பாருங்க. தன் சத்தத்தத் தனியாக் கேட்டாத்தான பொம்பளைக்கு இந்தப் புத்தியெல்லாம் வருது. விக்கப் போறேன்னு சொன்னேன். வேண்டாம்னு சொல்லுவா, சண்ட போடுவா, அழுவான்னு நினைச்சேன். "வித்துருங்க"ன்னுட்டு பிராக்டிசுக்குக் கிளம்பிட்டா. இப்பமும் அங்கதான் இருக்கா.

என்ன கேட்டீய? உள்ள இருக்கதையெல்லாம் அழிச்சுரட்டுமான்னா? அழிங்க. என்னோட ஏழையும் அழிங்க, எனக்கு அது வேண்டாம். எட்டாவதையா? அது, இருங்க. அத ஒரு தடவ போடுங்க. டேப் செட்டு வயர நான் கழட்டிட்டேன், அந்த ஹெட்போன இப்படிக் குடுங்க. எங்கயாவது பிசகியிருப்பா. பிசகாம ஒருத்தி முழுப் பாட்டும் பாட முடியாது, நான் சொல்லுதேன். அந்த எடத்தக் கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டு, சாயங்காலம் வந்ததும் முகத்துக்கு நேர சொல்லணும்.

என் குச்சிய எறக்குங்க. இன்னும். அடி வரைக்கும் எறக்குங்க.

என்ன? பஸ்ஸா? பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும். சும்மா இருங்க தம்பி, நீங்க பேசினா எனக்கு அவ சத்தம் கேக்க மாட்டேங்கு.